சர்க்கரை நோயும் ராணுவ வேலையும்: வாசலில் தடை, உள்ளே இடம்

சர்க்கரை நோய் உள்ளவர் இந்திய ராணுவத்தில் சேர முடியுமா என்று கேட்டால் பதில் ஒரே வார்த்தைதான்: முடியாது. சிப்பாய், அதிகாரி, கடற்படை, விமானப்படை எதுவானாலும் நிலைமை இதுதான். இன்சுலின் போடுபவரா, மாத்திரையில் சமாளிப்பவரா, சாப்பாட்டைக் குறைத்தே கட்டுக்குள் வைத்திருப்பவரா என்ற வித்தியாசமெல்லாம் வாசலில் பார்ப்பதில்லை. ஆனால் இதே ராணுவத்துக்குள் சர்க்கரை நோயோடு வேலை பார்க்கும் சுபேதார்களும் கர்னல்களும் இருக்கிறார்கள். ராணுவ மருத்துவமனையில் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, டியூட்டி பார்த்து, முழு சர்வீஸையும் முடித்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். வெளியே நிற்பவனுக்குத் தடையாகிற நோய், உள்ளே இருப்பவனுக்கு ஏன் அப்படி ஆவதில்லை?

முதலில் வாசலைப் பார்ப்போம். அக்னிவீர் தேர்வில் எழுத்துத் தேர்வு, 1.6 கிலோமீட்டர் ஓட்டம், புல்-அப், 9 அடிப் பள்ளம் தாண்டுவது எல்லாம் முடிந்த பிறகுதான் மெடிக்கல். வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் விடியற்காலையில் சாலையோரம் ஓடிப் பயிற்சி எடுக்கும் பையன்களிடம் பேசினால் அவர்களுடைய பயமெல்லாம் முட்டி தட்டுவது, தட்டைப் பாதம், காதில் அழுக்கு, பச்சை குத்தியது இவற்றில்தான் இருக்கும். சர்க்கரை அவர்கள் கணக்கிலேயே வராது. 18 வயதில் யாருக்குச் சுகர் வரப்போகிறது என்ற நினைப்பு. உடலில் இன்சுலின் சுரப்பே நின்றுபோகும் டைப் 1 பெரும்பாலும் சின்ன வயதிலேயே தெரிந்துவிடும் என்பதால், அந்த நோய் உள்ளவர்கள் மைதானத்துக்கே வருவதில்லை. சிக்கல், தனக்கு இருக்கிறது என்றே தெரியாத டைப் 2 (இன்சுலின் சுரந்தும் சரியாக வேலை செய்யாத வகை) பையன்களுக்குத்தான்.

விதி எப்படிச் சோதிக்கிறது என்பதை விமானப்படையின் மருத்துவத் தகுதிப் பட்டியலில் தெளிவாகப் பார்க்கலாம். யூபிஎஸ்சி வெளியிடும் என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு அறிவிப்பின் பின்னிணைப்பிலேயே அது அச்சாகியிருக்கிறது. குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால், வெறும் வயிற்றிலும் குளுக்கோஸ் குடித்த பிறகும் ரத்தச் சர்க்கரை பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். சிறுநீரில் சர்க்கரை தெரிந்தால் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து மறுபடியும் ரத்தம் பார்க்க வேண்டும். கூடவே மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி. நோய் உறுதியானால் நிராகரிப்பு.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. சிறுநீரில் சர்க்கரை வந்தாலே சர்க்கரை நோய் என்று அர்த்தமில்லை. ரத்தத்தில் குளுக்கோஸ் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சாதாரணமாக அது சிறுநீரில் வழியும். சிலருக்குப் பிறவியிலேயே சிறுநீரகம் குளுக்கோஸைச் சரியாகத் திரும்ப உறிஞ்சாது. ரத்தத்தில் அளவு சரியாகவே இருக்கும், சிறுநீரில் மட்டும் சர்க்கரை காட்டும். இது நோய் என்று சொல்லுமளவுக்கு எதுவும் இல்லை, இதற்காக நிராகரிக்கக் கூடாது என்று அந்தப் பட்டியலே சொல்கிறது. அதனால் ‘யூரின்ல சுகர்’ என்று எழுதிக் கொடுத்தவுடன் துவண்டுபோய் பஸ் ஏற வேண்டாம். அதிகாரிப் பணிக்கான மெடிக்கலில் அன்ஃபிட் ஆனால், 42 நாட்களுக்குள் அப்பீல் மெடிக்கல் போர்டுக்குப் போக வழி இருக்கிறது. அதுபோல, இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உண்மையை விடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது.

அப்பா, அம்மா இருவருக்கும் சுகர் இருக்கும் வீட்டுப் பையன், விண்ணப்பிப்பதற்கு முன்பே ஒரு லேபில் வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்த்துவிடுவது நல்லது. 100-க்குக் கீழே என்றால் கவலையில்லை. 100 முதல் 125 வரை என்றால் எச்சரிக்கை எல்லை; எடை குறைத்து, நடந்து, ஓடித் திருத்திக்கொள்ள அவகாசம் இருக்கிறது. 126, அதற்கு மேல் என்றால் மறுபடி ஒருமுறை பார்த்து உறுதிசெய்ய வேண்டும். 2023-இல் வெளிவந்த ஐசிஎம்ஆர்-இன்டயாப் (ICMR-INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வின்படி தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். ஆகவே இது ஏதோ பணக்கார வீட்டு நோய் என்று ஒதுக்க முடியாது.

சரி, ஏன் இந்தத் தடை? ‘வாசிம் அக்ரமுக்குச் சுகர் இருந்ததே, இன்சுலின் போட்டுக்கொண்டே உலகத்தரமாகப் பந்து வீசினாரே’ என்று உடனே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 30-ஐ ஒட்டிய வயதில் அவருக்கு டைப் 1 வந்தது. அதற்குப் பிறகும் பல வருடங்கள் ஆடினார். உடல் திறன் குறைந்துவிடும் என்பதல்ல ராணுவத்தின் வாதம். கிரிக்கெட்டில் டிரிங்க்ஸ் பிரேக் உண்டு, மைதானத்துக்கு வெளியே டாக்டர் உண்டு, தலை சுற்றினால் பெவிலியனுக்குப் போகலாம். எல்லைக் காவல் நிலையில் இந்த மூன்றுமே கிடையாது.

இன்சுலின் போடுபவர்களுக்கு உள்ள பெரிய ஆபத்து சர்க்கரை ஏறுவதைவிட இறங்குவதில் இருக்கிறது. 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். 54-க்குக் கீழே போனால் யோசனை குழம்பத் தொடங்கும். இந்த அறிகுறிகளை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். குண்டு விழும் இடத்தில் இருக்கும் எந்தச் சிப்பாய்க்கும் பயத்திலும் களைப்பிலும் வருவதும் இவைதான். பக்கத்தில் இருக்கும் ஹவில்தாரால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. சில நேரம் நோயாளிக்கே தெரியாது. போதாததற்கு, பாரம் சுமந்து நாள் முழுவதும் நடந்தால், தசைகள் அதற்குப் பிறகும் பல மணி நேரம் குளுக்கோஸை இழுத்துக்கொண்டே இருக்கும். பகலில் சமாளித்தவனுக்கு நள்ளிரவில், அதுவும் சென்ட்ரி டியூட்டியில், சர்க்கரை தாழ்ந்து போகலாம். கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு குழம்பி நிற்கும் ஒருவனால் அவனுக்கு மட்டும் ஆபத்தில்லை.

அப்புறம் மருந்து. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். திறந்த பாட்டில் 25-30 டிகிரிக்கு மிகாத வெப்பத்தில் பொதுவாக 28 நாள் தாங்கும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளில் மண்பானைக்குள் டப்பாவை வைத்துச் சமாளிப்பவர்கள் இன்றும் உண்டு, ஓரளவு அது வேலையும் செய்கிறது. ஜெய்சல்மர் பாலைவனத்தில் கோடையில் வெயில் 50 டிகிரியை எட்டும்போது ரோந்து போகிறவன் பானையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. சியாச்சினில் கதை தலைகீழ். அங்கே காவல் நிலைகள் 18,000 அடிக்கு மேலேயும் இருக்கின்றன; குளிர்காலத்தில் மைனஸ் 50 டிகிரி வரை போகும். இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால் உருகினாலும் பயன்படாது, கொட்ட வேண்டியதுதான். விரல் குத்திப் பார்க்கும் ஸ்ட்ரிப்பும் மீட்டரும் அந்தக் குளிரில் சரியாக ஓடாது. ஹெலிகாப்டரை நம்பியிருக்கும் நிலைகளுக்கு, பனிப்புயல் வந்தால் நாள்கணக்கில் எதுவும் போய்ச் சேராது. மாத்திரை போடுபவர் ஒரு வாரம் மாத்திரை இல்லாமல் இருந்துவிடலாம். டைப் 1 ஆளுக்கு இன்சுலின் முழுவதும் நின்றால் ஓரிரு நாளிலேயே ரத்தம் அமிலமாகத் தொடங்கும். அடுத்து கோமா.

மருந்து வரத்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு சாட்சி உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் வசம் இருந்த ஷாங்காயில் அகதியாக வாழ்ந்த ஈவா சாக்ஸல் என்ற டைப் 1 பெண்ணுக்கு, கடைகளில் இன்சுலின் கிடைக்காமல் போனது. அவரும் கணவரும் எருமை மாட்டுக் கணையத்திலிருந்து தாங்களே இன்சுலின் காய்ச்சி, முயல்களுக்குப் போட்டுச் சோதித்துப் பிழைத்தார்கள். மற்ற நோயாளிகளுக்கும் கொடுத்தார்கள். மெய்சிலிர்க்கும் கதைதான். ஆனால் படை தன் தளவாடத் திட்டத்தை இப்படிப்பட்ட அதிசயத்தை நம்பிப் போட முடியாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: 1921-இல் டொராண்டோவில் இன்சுலினைக் கண்டுபிடித்த பிரெடெரிக் பாண்டிங்கே ஒரு ராணுவ டாக்டர். முதல் உலகப் போரில் காயம்பட்டு மிலிட்டரி கிராஸ் பதக்கம் வாங்கியவர்.

இந்த வாதமெல்லாம் இன்சுலின் போடுபவர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. மெட்ஃபார்மின் மட்டும் போடுபவருக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. அந்த மாத்திரை தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவதில்லை, ஃப்ரிட்ஜும் வேண்டாம். அப்படியும் ஏன் மறுக்கிறார்கள் என்றால், ராணுவம் ஆளை ஒரு குறிப்பிட்ட நாற்காலிக்கு எடுப்பதில்லை. இன்று கிளார்க், நாளை தேவைப்பட்டால் லடாக்கின் லே, நாளை மறுநாள் கடல் கடந்து ஐநா அமைதிப்படை. எங்கே அனுப்பினாலும் போகக்கூடியவன் என்ற அனுமானத்தில்தான் எல்லோரையும் எடுக்கிறார்கள். கூடவே ஒரு கணக்கும் இருக்கிறது: 20 வயதில் டைப் 2 வந்தவனுக்கு 40 வயதுக்குள் கண்ணோ சிறுநீரகமோ பாதிக்க வாய்ப்பு அதிகம், அந்தச் செலவை ஏன் ஏற்க வேண்டும்? இது வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை, ஆனால் எந்த நாட்டு ராணுவமும் இதைப் பார்க்காமல் இல்லை.

என்னைக் கேட்டால், காலாட்படைக்கும் போர் விமானத்துக்கும் இந்தத் தடை சரி. சட்டப் பிரிவு, கணினிப் பாதுகாப்பு, கணக்கு என்று மேஜையை விட்டு நகராத வேலைகள் ராணுவத்துக்குள் பெருகிக்கொண்டே வரும் காலத்தில், அதே அளவுகோலை அங்கும் வைத்து அளப்பது சோம்பேறித்தனம். பயணிகள் விமானத் துறை இதைவிடக் கவனமாக யோசித்திருக்கிறது. பிரிட்டன் 2012-இலிருந்து இன்சுலின் போடும் பைலட்டுகளுக்கு வணிக விமான உரிமம் தருகிறது. பறக்கும்போது மணிக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும், 90 முதல் 270 மில்லிகிராமுக்குள் இருந்தால் பச்சை, அதற்கு இருபுறமும் மஞ்சள், சிவப்பு என்று விதி வகுத்திருக்கிறார்கள். சிவப்பு என்றால் சக பைலட் பொறுப்பேற்பார். அமெரிக்காவும் 2019-இல் அந்த வழிக்கு வந்தது. இதே பிரிட்டன், தன் ராணுவத்துக்கு மட்டும் 2010 சமத்துவச் சட்டத்தின் ஊனமுற்றோர் பிரிவிலிருந்து விலக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்க ராணுவத்திலும் புதிதாகச் சேர சர்க்கரை நோய் தடைதான். சேர்ந்த பிறகு வந்தால் மருத்துவ வாரியம் பார்த்து முடிவு செய்யும், டைப் 1 வந்த சிலர் தொடர்ந்து பணியில் இருந்திருக்கிறார்கள். இஸ்ரேலில் டைப் 1 இளைஞர்களுக்குக் கட்டாய சேவையிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் விரும்பினால் தொண்டராகச் சேரலாம். தகுந்த பின்னணி வேலைகளில் போடுவார்கள். மூன்றில் எனக்குப் பிடித்தது கடைசி வழிதான்.

இந்தியாவில் நீதிமன்றத்துக்குப் போனால் கிடைக்காதா என்று சிலர் கேட்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தலசீமியா, ஹீமோபிலியா எல்லாம் அதில் உண்டு. சர்க்கரை நோய் இல்லை. அப்படியே இருந்திருந்தாலும், அரசு வேலையில் பாரபட்சம் காட்டக் கூடாது என்ற அதன் 20-வது பிரிவிலிருந்து முப்படைகளின் போர்ப்பணி வீரர்களுக்கு மத்திய அரசு 2021 ஆகஸ்டில் விலக்கு அறிவித்துவிட்டது. இரண்டு கதவும் சாத்தியாகிவிட்டது. சீருடை இல்லாமல் ராணுவத்துக்கு வேலை செய்யும் வழி மட்டும் திறந்திருக்கிறது: ஆவடியின் டாங்கித் தொழிற்சாலை, அருவங்காடு வெடிமருந்து ஆலை, டிஆர்டிஓ ஆய்வகங்கள், பாதுகாப்புக் கணக்குத் துறை. இவை சிவில் வேலைகள். அங்கே படைவீரனுக்கான மருத்துவ அளவுகோல் கிடையாது.

இனி உள்ளே. சேர்ந்து 10, 15 வருடம் கழித்து வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் சுகர் தெரிந்தால் உடனே வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள். ராணுவத்தில் ஒவ்வொருவருக்கும் ‘ஷேப்’ என்று ஒரு தரம் உண்டு. மனநிலை, காது, கை கால், உடல் வலு, கண் என்ற ஐந்துக்கும் 1 முதல் 5 வரை எண் போடுவார்கள். எல்லாமே 1 என்றால் ஷேப்-1. எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். சுகர் வந்தவரின் உடல் வலு எண் பி-2 ஆகும், சிக்கல் இருந்தால் பி-3. முதலில் தற்காலிகமாக 24 வாரம், பிறகு மறுபரிசோதனை, தேறவில்லையென்றால் நிரந்தரம். இதைத்தான் ‘எல்எம்சி ஆயிட்டான்’ என்று சொல்கிறார்கள், அதாவது லோ மெடிக்கல் கேட்டகரி. உயர்மலைப் பகுதிக்கு அனுப்பக் கூடாது, மருத்துவமனை பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது போன்ற கட்டுப்பாடுகளோடு வேலை தொடரும். பல லட்ச ரூபாய் செலவழித்துப் பயிற்சி கொடுத்த ஆளைச் சுகருக்காக இழக்க எந்தப் படையும் தயாராக இல்லை.

இதற்கு விலை உண்டு. பதவி உயர்வும் சர்வீஸ் நீட்டிப்பும் இந்த எண்ணைப் பார்த்துத்தான். ஹவில்தார் ஒருவருக்கு எல்எம்சி என்பது, பையனின் காலேஜ் படிப்பு முடிவதற்குள் பென்ஷனில் போக வேண்டிய நிலைமையாகக்கூட ஆகலாம். அதனாலேயே சிலர் மாத்திரையை வெளியே தனியார் டாக்டரிடம் வாங்கி மறைத்துப் போடுகிறார்கள் என்று ஓய்வுபெற்றவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்கலாம். மறைப்பது முட்டாள்தனம். உயர்மலை போஸ்டிங்கில் தெரியவந்தால் உயிருக்கே கேடு. அதோடு பின்னால் வரும் பென்ஷன் வழக்கையும் அது கெடுத்துவிடும்.

அந்தப் பென்ஷன் வழக்கில்தான் வாசல் பரிசோதனைக்கு எதிர்பாராத ஒரு மதிப்பு வருகிறது. ஓய்வு பெறும்போது நடக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டு, சுகருக்குப் பெரும்பாலும் 20 சதவீத இயலாமை என்று போடும். ஊனமுற்றோர் பென்ஷனுக்குக் குறைந்தபட்சத் தகுதியும் அதே 20 தான். ஆனால் சதவீதம் மட்டும் போதாது. நோய் பணியால் வந்தது அல்லது பணியால் முற்றியது என்று எழுதியிருக்க வேண்டும். போர்டுகள் சர்வசாதாரணமாக ‘இரண்டும் இல்லை, பரம்பரை, வாழ்க்கைமுறை’ என்று எழுதி முடித்துவிடும். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் இதைத் திருப்பிப் போட்டது. அது சுகர் வழக்கு இல்லை, வலிப்பு நோய் வழக்கு. ஆனால் சொன்ன கொள்கை எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது: சேரும்போது நோய் இருந்ததாக எந்தக் குறிப்பும் இல்லையென்றால் ஆள் நல்ல உடல்நிலையில்தான் வந்தார், பிறகு வந்த கோளாறு பணியால் வந்ததாகவே கருத வேண்டும், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. சிறுநீர் முதல் மார்பு எக்ஸ்ரே வரை துருவிப் பார்த்து ‘சுகர் இல்லை’ என்று சான்று கொடுத்ததே நீங்கள்தானே என்று இப்போது திருப்பிக் கேட்கலாம்.

பணத்தில் பார்த்தால் இது சின்ன விஷயமில்லை. பழைய விதிப்படி 100 சதவீத இயலாமைக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம், முழு சர்வீஸ் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் ‘பிராட் பேண்டிங்’ உண்டு என்றது. 20 சதவீதம் என்று போர்டு போட்டது 50 என்று கணக்காகும். கடைசிச் சம்பளம் 60,000 ரூபாய் என்றால் அதில் 15 சதவீதம், அதாவது மாதம் 9,000 ரூபாய், ஆயுள் முழுவதும். இப்படி ஆயிரக்கணக்கான வழக்குகள் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் குவிந்திருக்கின்றன.

அரசு சும்மா இருக்கவில்லை. வாழ்க்கைமுறை நோய்களைக் காட்டி ஊனமுற்றோர் பென்ஷன் வாங்குவோர், குறிப்பாக அதிகாரிகள், அதிகமாகிவிட்டார்கள் என்று தணிக்கைத் துறையே சுட்டிக்காட்டியது. 2023 செப்டம்பரில் புதிய தகுதி விதிகள் வந்தன. முன்னாள் படைவீரர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. இரு பக்கத்திலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. குளிரூட்டிய அலுவலகத்தில் இருந்து தொப்பை போட்ட மேலதிகாரிக்கு வந்த சுகரும், வருடத்தில் பத்து மாதம் குடும்பத்தைப் பிரிந்து, தூக்கம் கெட்டு, நேரங்கெட்ட சாப்பாட்டில் காலம் தள்ளிய சிப்பாய்க்கு வந்த சுகரும் ஒன்றில்லை. ஆனால் அந்த வித்தியாசத்தை விளக்க வேண்டிய மருத்துவ வாரியங்கள் ஒரு வரியில் ‘வாழ்க்கைமுறை’ என்று எழுதி நகர்ந்துவிடுவதால்தான் நீதிமன்றங்கள் மறுபடி மறுபடி தலையிடுகின்றன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு முன்னாள் ராணுவத்தினரின் டைப் 2 வழக்கில், நோய் தெரியவந்தபோது அமைதியான ஊரில் போஸ்டிங்கில் இருந்தார் என்பது மட்டும் பென்ஷனை மறுக்கக் காரணமாகாது என்று சொல்லி அரசின் மனுவைத் தள்ளியது. காரணத்தைப் போர்டு எழுதியாக வேண்டும், வெறும் முடிவு போதாது என்பதுதான் அதன் சாரம்.

தமிழ்நாட்டில் ஓய்வு பெறுபவர்கள் இதற்காக டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. சென்னையிலேயே தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. போகும் முன் கையில் இருக்க வேண்டியவை, ரிலீஸ் மெடிக்கல் போர்டு அறிக்கையின் முழு நகல், பென்ஷன் மறுத்த கடிதம், எந்தெந்த வருடம் எங்கெங்கே போஸ்டிங் என்ற பட்டியல். சேர்ந்தபோது எடுத்த மருத்துவப் பரிசோதனைத் தாளின் நகல் கிடைத்தால் அதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டிஐ போட்டுக் கேட்டுப் பார்க்கலாம்.